பாலிஎத்திலீனில் பொடி கலந்தால் காப்பு கூடுமா?

கேள்வி: பாலிஎத்திலீன் தானாகவே நல்ல மின்காப்புப் பொருள். அதில் நானோ அளவு ஆக்சைடு பொடிகளைக் கலந்தால் காப்பு இன்னும் மேம்படும் என்று படித்து, புராஜெக்டுக்காக எடையில் 5 சதவீதம் சிலிக்கா கலந்து தகடு வார்த்தேன். ஏ.சி. சோதனையில் வெறும் பாலிஎத்திலீனைவிடச் சீக்கிரம் துளை விழுந்துவிட்டது. எங்கே பிசகியது?
– எம்.டெக். மாணவி

பதில்: கலப்பதற்கு முன் பொடியை உலர்த்தினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேபிள் காப்புப் பொருள்களைச் சோதிப்பதே என் தொழில். இந்தப் புகாரோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாலிஎத்திலீன் தண்ணீரை அண்டவிடாது. சிலிக்காவோ அதற்கு நேர்மாறு. அதன் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரத்தையும் சேர்த்தே நீங்கள் தகட்டுக்குள் அடைத்திருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம். மின்னிழப்பு கூடவும், காப்பு சீக்கிரம் உடையவும் அதுவே போதும்.

அடுத்தது, பொடி திரண்டுபோவது. 10 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்காத் துகள்கள் ஒரு கிராம் எடுத்தால், அவற்றின் மொத்த மேற்பரப்பு சுமார் 270 சதுர மீட்டர். அதே ஒரு கிராம் 10 மைக்ரான் துகள்களாக இருந்தால் கால் சதுர மீட்டர்தான் தேறும். நமக்கு வேலை செய்து கொடுப்பது துகளும் பாலிமரும் தொட்டுக்கொள்ளும் அந்த எல்லைதான். மின்காப்பு ஆய்வாளர் டி.ஜே. லூயிஸ் 1994-இலேயே இந்த எல்லையின் முக்கியத்துவத்தை எழுதிவிட்டார். துகள்கள் கட்டிகட்டியாகத் திரண்டால் எல்லை சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்குக் கட்டிக்குள் காற்று இடைவெளி தங்கும். மின்புலம் போய்க் குவிவது அங்கேதான்.

எனவே பொடியை வேக்குவம் ஓவனில் 100 டிகிரிக்கு மேல் ஓர் இரவு முழுக்க வையுங்கள். எடுத்ததும் திறந்து வைக்காமல் நேராக மிக்சருக்குக் கொண்டுபோங்கள். சிலேன் என்ற சிலிக்கன் சேர்மம் பூசிய சிலிக்கா கிடைத்தால் அதையே வாங்குங்கள்: ஹைட்ராக்சில்கள் குறையும், பாலிஎத்திலீனோடும் ஒட்டும். அளவை 1 சதவீதத்தில் தொடங்குங்கள். துளை விழும் சோதனைக்கு முன்பே, தகட்டை உடைத்து அந்த முகத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். அந்தப் படம் இல்லாமல் வரும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை, அது எவ்வளவு நல்ல முடிவாக இருந்தாலும். ஒப்பிடும் தகடுகளின் தடிமனும் ஒன்றாக இருக்கட்டும். தடிமன் கூடினால் மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோவோல்ட் என்ற கணக்கு இறங்கிவிடும்.

இன்னொன்று, நீங்கள் தேடும் பலன் ஏ.சி. சோதனையில் பெரிதாகத் தெரியாமலே போகலாம். இந்தப் பொடிகளின் உண்மையான பெருமை டி.சி.யில். ஒரே திசையில் மின்னழுத்தம் நீடிக்கும்போது காப்புக்குள் மின்னூட்டம் நுழைந்து தேங்குகிறது. இதைத்தான் ஸ்பேஸ் சார்ஜ் என்கிறோம். திசையைத் திருப்பும்போது, தேங்கிய அந்த மின்னூட்டம் கடத்தியை ஒட்டி மின்புலத்தை எகிறச் செய்யும். நன்றாகப் பரவிய மக்னீசியம் ஆக்சைடு இந்தத் தேக்கத்தை வெகுவாக அடக்குகிறது. எல்லைகளில் உள்ள ஆழமான பொறிகளில், அதாவது எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் இடங்களில், எலக்ட்ரான்கள் சிக்கி, மின்முனை அருகிலேயே நின்று, பின்னால் வருபவற்றைத் தடுக்கின்றன என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஜப்பானில் ஹொக்கைடோவையும் ஹொன்ஷூவையும் இணைக்கும் 250 கிலோவோல்ட் டி.சி. இணைப்பில், நானோ பொடி கலந்த குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் (மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்த பாலிஎத்திலீன்) கேபிள் 2012-இல் வேலைக்கு வந்தது. திசை திருப்புவதையும் தாங்கும்படி செய்த கேபிள் அது.

உங்கள் துறையில் பல்ஸ்டு எலக்ட்ரோ-அகூஸ்டிக் கருவி இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு மின்துடிப்பு கொடுத்தால் உள்ளே தேங்கிய மின்னூட்டம் அதிர்ந்து ஒலி அலை எழுப்பும். அந்த அலையை வைத்து எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று படித்துவிடலாம். உலர்த்திய 1 சதவீதத் தகட்டையும் வெறும் பாலிஎத்திலீன் தகட்டையும் அதில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: வீட்டு வயர்களுக்கும் நானோ பொடி வருமா?
– ஒரு வாசகர்

பதில்: தேவையே இல்லை. அந்த மின்னழுத்தத்தில் ஸ்பேஸ் சார்ஜ் ஒரு பிரச்சினை அல்ல. பி.வி.சி. வயர் உறைகளில் சுண்ணாம்புக்கல் பொடி வெகுகாலமாகவே கலக்கப்படுகிறது. ஆனால் அது விலையைக் குறைப்பதற்காக; காப்பைக் கூட்டுவதற்காக அல்ல.