மேடையில் வாதம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: புள்ளிவிவரங்களை அடுக்கித்தான் பேசுகிறேன். யாரும் மறுப்பதில்லை, ஆனால் யாரும் மனம் மாறுவதும் இல்லை. ஏன்?

பதில்: ஆதாரத்திலிருந்து முடிவுக்கு நீங்கள் தாவுகிற இடத்தைப் பாருங்கள். ‘நூலகத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் மூடிவிடலாம்’ என்று ஒருவர் பேசுகிறார். எண்ணிக்கை சரியாகவே இருக்கட்டும். ஆனால் நடுவே சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது: நூலகத்தின் பயனைத் தலை எண்ணி அளந்துவிடலாம் என்பது. அதை ஏற்காதவர், இன்னும் பத்து அட்டவணை காட்டினாலும் அசைய மாட்டார். அதே எண்ணிக்கையை வைத்து ‘திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்’ என்றும் இன்னொருவர் வாதிடலாமே!

பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோது, முடிவு, ஆதாரம் என்ற இரண்டோடு நிறுத்தவில்லை. இரண்டையும் இணைக்கும் இந்த நம்பிக்கையையும் தனி உறுப்பாக வைத்தார். பேச்சைத் தயாரிக்கும்போது ‘அதனால்’ வருகிற ஒவ்வோர் இடத்திலும் நின்று, எதை நம்பினால் இது பொருந்தும் என்று எழுதிப் பாருங்கள். சபை ஏற்கெனவே நம்புவதுதான் என்றால் சொல்லாமலே விடலாம், சொன்னால் இழுவை. சந்தேகப்படுவார்கள் என்றால் உங்கள் உழைப்பு முழுக்க அங்கேதான் போக வேண்டும். நம் பேச்சாளர்களில் பலர், யாருமே சந்தேகப்படாத விஷயத்துக்குத்தான் ஆதாரத்தைக் கொட்டுகிறார்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பு வாதத்தை நானே எடுத்துச் சொன்னால் அவர்களுக்குச் சாதகமாகிவிடாதா?

பதில்: யார் முன்னால் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்ட் குழுவினர் அமெரிக்கப் படைவீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஜப்பானுடனான போர் நீண்டகாலம் நடக்கும் என்ற கருத்தை, ஒரு பிரிவினருக்கு ஒரு பக்க வாதமாகவும் இன்னொரு பிரிவினருக்கு மறுபக்கத்தையும் சேர்த்தும் சொன்னார்கள். முதலிலேயே உடன்பட்டவர்களிடம் ஒரு பக்க வாதம் நன்றாக எடுபட்டது. மாற்றுக் கருத்து கொண்டிருந்தவர்களிடம் இரு பக்கமும் சொன்னதுதான் பலித்தது. 1949இல் இந்த முடிவுகள் நூலாக வந்தன.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எதிர்வாதத்தைச் சொல்லிவிட்டுப் பதில் தராமல் நகர்ந்தால் உங்கள் பயம் நியாயமானதுதான். சொன்னால் பதிலும் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் தொடாமல் இருப்பது நல்லது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பதிலே இல்லாத எதிர்வாதம் என்றால், உங்கள் நிலைப்பாட்டையே திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: உணர்ச்சியைத் தூண்டிப் பேசுவது ஏமாற்றுவேலை இல்லையா?

பதில்: இல்லை. பேசுபவர் மேல் உள்ள நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று இணங்கவைக்கும் வழிகளை அரிஸ்டாட்டில் மூன்றாகச் சொன்னார். உணர்ச்சியை அவர் ஒதுக்கவில்லை. ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறீர்கள், சரி. அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்வதா, அபூர்வமா? அபூர்வமானதைப் பொதுவானது போலக் காட்டினால் அது ஏமாற்று.

கேள்வி: ‘ஆபத்து இரண்டு மடங்கு!’ என்று சொன்னால் சபை நிமிர்ந்து உட்காருகிறது. சொல்லலாமா?

பதில்: எதிலிருந்து எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 10,000 பேரில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆனாலும் இரண்டு மடங்குதான். 100 பேரில் 20 பேருக்கு இருந்தது 40 ஆனாலும் இரண்டு மடங்குதான். மடங்கை மட்டும் சொல்கிறவரை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

கேள்வி: சுருக்கமாகப் பேசினால்தான் எடுபடுமா? லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையைத்தானே எல்லோரும் காட்டுகிறார்கள்?

பதில்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழா அது. 1863 நவம்பர் 19 அன்று அங்கே அதிபர் லிங்கன் பேசியது சில நிமிடங்கள், அவருக்கு முன் எட்வர்ட் எவரெட் பேசியது சுமார் இரண்டு மணி நேரம். ஆனால் அன்றைய முதன்மைப் பேச்சாளர் எவரெட். லிங்கனிடம் கேட்டிருந்ததே சில வார்த்தைகள்தான். சுருக்கத்துக்கு இது சான்று ஆகாது. வாதத்துக்கு எத்தனை படி தேவையோ அத்தனை நேரம் பேசுங்கள்.

கேள்வி: விவாதத்தில் நான் சொல்லாததைச் சொன்னதாகத் திரித்து, அதை மறுத்துக் கைதட்டல் வாங்கிவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கோபப்பட்டு விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அவர்கள் விரித்த வலையிலேயே நேரம் போய்விடும். உங்கள் மையக் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதி, பேச்சின் தொடக்கத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிடுங்கள். திரித்தால், அதே வாக்கியத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் திரும்பச் சொல்லி, ‘இதில் எதை மறுக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். சொல் மாறினால், பின்வாங்கிவிட்டீர்கள் என்று அதையும் பிடித்துக்கொள்வார்கள்.