ஜோக்கருக்கு பலூன் கிடையாது

கேள்வி: பேட்மேன் கதை என்று நம்பி ‘ஆர்க்கம் அசைலம்’ கிராஃபிக் நாவலை வாங்கினேன். ஜோக்கர் பேசும் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் பைத்தியம் பிடிக்கிறது. பெரியவர்கள் படிக்கிற காமிக்ஸ் இப்படித்தான் இருக்குமா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: பைத்தியம் பிடிக்கிறதா? அப்படியானால் கொடுத்த காசு வீண்போகவில்லை.

1989-ல் கிராண்ட் மாரிசன் எழுதி, டேவ் மெக்கீன் வரைந்த புத்தகம் அது. நீங்கள் திட்டுகிற எழுத்து கேஸ்பர் சலடினோ போட்டது. பேட்மேனுக்குக் கறுப்பு பலூனில் (பேசுபவர் வாயருகே வசனத்தைச் சுற்றிப் போடும் கூடு) வெள்ளை எழுத்து. ஜோக்கருக்கு பலூனே கிடையாது, வெறும் சிவப்புக் கிறுக்கல். பலூனுக்குள் அடங்காத ஆள் எப்படிப்பட்டவன் என்று தனியாக வசனம் வேறு வேண்டுமா? நம் விமர்சகர்கள் கதாசிரியரைப் புகழ்வார்கள், ஓவியரைப் புகழ்வார்கள், எழுத்து போட்டவர் பெயரை மட்டும் மூச்சுவிட மாட்டார்கள். இதை இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி ஏச்சு வாங்கியாயிற்று. ஒருவர் சந்தாவையே நிறுத்தினார். நிறுத்தட்டும்.

ஜோக்கரை விடுங்கள். என்னை உலுக்கியது அதே ஆர்க்கம் மனநல விடுதியில் அடைபட்டிருக்கும் இன்னொரு வில்லன் டூ-ஃபேஸ்தான். காசைச் சுண்டி எதையும் முடிவு செய்கிறவன். மருத்துவர்கள் அந்தக் காசைப் பிடுங்கிக்கொண்டு பகடையைக் கொடுக்கிறார்கள், ஆறு வழி. அப்புறம் குறி பார்க்கிற டாரட் சீட்டுகள், மொத்தம் 78. நல்ல முன்னேற்றம் என்று டாக்டரம்மா பெருமையாக விளக்குகிறார். பாத்ரூம் போவதா வேண்டாமா என்றுகூட முடிவெடுக்க முடியாமல் அவன் நின்ற இடத்திலேயே நனைத்துக்கொள்கிறான். நோயைவிட வைத்தியம் கொடூரம்.

எங்கள் அலுவலகத்திலும் இந்த வைத்தியம் நடக்கிறது. முன்பெல்லாம் அட்டைக்கு ஓவியர் இரண்டு படம் கொண்டுவருவார். ஒன்றைக் காட்டிவிட்டு டிபனுக்குப் போய்விடுவேன். இப்போது கம்ப்யூட்டர். நீலம், கொஞ்சம் குறைந்த நீலம், நீலம் மாதிரி ஒன்று, தலைப்பு மேலே, தலைப்பு கீழே, தலைப்பே இல்லாமல் ஒன்று. “சார், எது?” என்று அச்சுக்குப் போகும் கடைசி நிமிடம் வரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாத்ரூம் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தடுமாற்றம் வரவில்லை.

சரி, உங்கள் கேள்வி. பெரியவர்களுக்கான புத்தகம்தான், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஜோக்கர் வரும் பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் படியுங்கள். மெக்கீனின் இருட்டில் அந்தச் சிவப்பை டியூப்லைட் வைத்துத் தேடினால் கண்ணாடிக் கடைக்காரர்தான் பிழைப்பார்.