"அதான் நல்லாயிட்டியே!" – கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய் 18 வருஷம் ஆகிறது. செயற்கைக் காலில்தான் நடக்கிறேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் செயற்கைக் காலுக்கு அளவு எடுக்கவும் அலைவது பழகிவிட்டது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

காசிமேடு, 27 வயது: அண்ணா, செயற்கைக் கால் போட்டு ஒன்றரை வருஷம். பேன்ட் போட்டால் தெரியாது. பஸ்ஸில் மாற்றுத்திறனாளி சீட்டில் உட்கார்ந்தால் "நல்லாத்தானே இருக்க, எந்திரி" என்கிறார்கள். பேன்ட்டைத் தூக்கிக் காட்டிவிடவா?

வேண்டாம் தம்பி. முதல் வருஷம் நானும் காட்டினேன். மொத்த பஸ்ஸும் "அய்யோ பாவம்" என்றது. மின்ட் ஸ்டாப்பில் இறங்குகிற வரை தலை நிமிரவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் வை, கேட்டால் அதை மட்டும் காட்டு. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று உனக்குச் சான்று இருந்தால், அந்தச் சீட்டில் உட்காரத் தயங்காதே. நன்றாக நடக்கிறாய் என்பதால் வெட்டிய கால் முளைத்துவிடவில்லை.

காலையில் இறுக்கமாக இருந்த சாக்கெட் (செயற்கைக் காலில் மீதிக் காலை நுழைக்கிற கூடு) மதியத்துக்குள் லூசாகிவிடும், உனக்கே தெரியும். ஸ்டம்ப், அதாவது வெட்டியது போக மிச்சமிருக்கிற கால், சுருங்கும். அப்போது இன்னொரு சாக்ஸ் சேர்த்துப் போடாமல் நின்றுகொண்டே வந்தால் தோல் வழண்டுவிடும். புண் வந்தால் ஆறுகிற வரை காலை மாட்ட முடியாது, வேலையும் போகும். அந்தச் சீட்டில் உட்காருவதால்தான் மறுநாளும் உன்னால் நடக்க முடிகிறது.

வேலை இடத்தில் யாராவது நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் கதை வேறு. அதே சட்டத்தின் 92வது பிரிவில் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை உண்டு.

வியாசர்பாடி, 41 வயது: தொழுநோய்க்கு மருந்து முடித்து ஆறு வருஷம் ஆச்சு அண்ணா. ரெண்டு விரல் மட்டும் மடங்கியே இருக்கு. இட்லிக் கடை போட்டேன். "அந்தக் கையாலயா மாவு கரைக்கிறா?" என்று பேசுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை தங்கச்சி. நோய் போய்விட்டது. விரல் மடங்கியிருப்பது நரம்பு கெட்டதால். தீக்காயம் ஆறினாலும் தழும்பு நிற்கிறதே, அது மாதிரி. கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ முழுசாகச் சாப்பிட்டவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. மருந்து கொடுத்த இடத்திலேயே "நோய் குணமாகிவிட்டது" என்று எழுதி வாங்கிக்கொள். ஊர் வாயை மூட அல்ல, கடை வாடகைக்கு விட்டவர் கேட்டால் காட்ட.

குணமானவர்களும் ஒதுக்கப்படுகிறார்கள் என்பதால்தான் மேலே சொன்ன 2016 சட்டத்தின் 21 வகை ஊனங்களில் தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். 2019-ல் விவாகரத்துக் காரணங்களிலிருந்தும் அந்த நோயை எடுத்துவிட்டார்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையே இருக்கிறது, ஒருமுறை காட்டு. விரலை நிமிர்த்த முடியும் என்றால் உனக்காகச் செய்துகொள், வாடிக்கையாளருக்காக வேண்டாம். அப்புறம் ஒரு விஷயம்: மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது. இட்லிப் பானை மூடியைத் துணி இல்லாமல் தொடாதே. ராத்திரி படுக்கும் முன் இரண்டு கையையும் வெளிச்சத்தில் பார்.

கொடுங்கையூர், ஒரு அப்பா: காது கேளாத மகளுக்குக் காக்ளியர் ஆபரேஷன் (காதுக்குள் கேட்கும் கருவி வைப்பது) செய்தோம். "ஆபரேஷன் பண்ணியும் ஏன் காதுல மெஷின்?" என்கிறார்கள்.

உள்ளே வைத்த கருவிக்குச் சத்தத்தை அனுப்புவதே வெளியில் மாட்டும் அந்த மெஷின்தான். கழற்றினால் பிள்ளைக்குக் கேட்காது. இதை ஒருமுறை சொல்லுங்கள், இரண்டாவது முறை கேட்பவருக்குப் பதில் வேண்டாம். முடியால் மறைத்துப் பின்னாதீர்கள், ரிப்பன் கட்டி விடுங்கள்.

ராயபுரம், ஒரு அம்மா: பையனுக்கு வரன் பார்க்கிறோம். செயற்கைக் கால் என்பதைப் பேச்சு முடிந்த பிறகு சொல்லலாமா?

முதலிலேயே சொல்லுங்கள் அம்மா, பையன் வாயால். பஸ்ஸில் காட்டாதே என்றவன்தான் இதைச் சொல்கிறேன். பஸ்ஸில் கேட்டவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார், கூட வாழ வருகிற பெண் அப்படி இல்லையே. சிலர் எழுந்து போவார்கள். எனக்கும் இரண்டு வீடு போனது. மூன்றாவது வீட்டில் காலைக் கழற்றியே வைத்தேன். என் மாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ராத்திரி இதைக் கழட்டிட்டா பாத்ரூமுக்கு எப்படிப்பா போவ?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்பே மாமனார் ஆள் வைத்து அவர்கள் வீட்டு பாத்ரூம் சுவரில் இரும்புக் கம்பி பதித்துவிட்டார். இன்றும் அங்கே போனால் அதைப் பிடித்துத்தான் நிற்கிறேன்.