வீட்டுக்கடனை மாற்றலாமா, வீட்டை விற்று மாறலாமா? வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஆசிரியை. 2023 கடைசியில் வீட்டுக்கடன் எடுத்தேன். நிலையான வட்டி, 16 வீதம். முதல் தொகையில் 24 இலட்சம் மிச்சம் இருக்கிறது, இன்னும் 10 வருடம் கட்ட வேண்டும். மாதம் 40,200 ரூபா போகிறது. வேறொரு வங்கி 12 வீதத்துக்குத் தருகிறோம், 15 வருடமாக்கினால் மாதம் 28,800 ரூபாதான் என்கிறது. மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் அந்த 15 வருடத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். இப்போது இருக்கும் கடனை அப்படியே கட்டினால் 10 வருடத்தில் கிட்டத்தட்ட 48 இலட்சத்து 24 ஆயிரம் கட்டி முடிப்பீர்கள். 12 வீதத்துக்கு மாறி, காலத்தை அதே 10 வருடமாக வைத்தால் மாதத் தவணை 34,400 அளவில் வரும். மொத்தம் 41 இலட்சத்து 30 ஆயிரம். ஏறக்குறைய 7 இலட்சம் மிச்சம். அதே 12 வீதத்தை 15 வருடத்துக்கு இழுத்தால் மொத்தம் 51 இலட்சத்து 85 ஆயிரம் ஆகிறது. வட்டி 4 வீதம் குறைந்தும், இப்போது கட்டுவதைவிட மூன்றரை இலட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள். தவணை குறைவதும் கடன் குறைவதும் ஒன்றல்ல. மாதச் செலவுக்கு உண்மையிலேயே மூச்சு முட்டுகிறது என்றால் காலத்தை நீட்டுவது தவறில்லை. சமாளிக்க முடிகிறது என்றால் 10 வருடத்திலேயே நில்லுங்கள்.

இன்னொன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள்: அந்த 12 வீதம் குறைந்துவரும் மீதிக்கா, முழுத் தொகைக்கும் கடைசிவரை ஒரே வட்டியா? ஃபினான்ஸ் கம்பனிகள் பல நேரம் இரண்டாவது மாதிரியில் வீதத்தைச் சொல்லும். 24 இலட்சத்துக்கு அப்படி 12 வீதம் என்றால் 10 வருடத்துக்கு வட்டி மட்டும் 28 இலட்சத்து 80 ஆயிரம், தவணை 44,000. இப்போது கட்டுவதைவிடக் கூட! வீதத்தைச் சொல்லும் வாயை நம்பாமல், தவணை எத்தனை, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு என்று கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் மாறும் செலவு. பழைய வங்கி முன்கூட்டியே தீர்ப்பதற்குக் கட்டணம் அறவிடலாம். அது எவ்வளவு என்பது நீங்கள் கையெழுத்து வைத்த கடன் கடிதத்திலோ ஈட்டு உறுதியிலோ இருக்கும், எடுத்துப் படியுங்கள். அதோடு புதிய வங்கியின் மதிப்பீட்டாளர், உரித்து அறிக்கை, பழைய ஈட்டை விடுவிக்க ஓர் உறுதி, புதிய ஈட்டுக்கு ஓர் உறுதி, முத்திரை, பதிவு, காப்புறுதி. எல்லாம் சேர்ந்து 1 இலட்சத்து 20 ஆயிரம் என்று வைத்தால், மாதம் மிச்சமாகும் 5,770 ரூபாவில் அது வந்துசேர 21 மாதம் ஆகும். ஐந்தாறு வருடத்துக்கு அந்த வீட்டிலேயே இருப்பதாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அடுத்த வருடம் இடமாற்றம் கேட்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம். கடனோடு சேர்த்து எடுத்த ஆயுள் காப்புறுதியில் பயன்படாத காலத்துக்குக் காசு திரும்பி வருமா என்றும் பழைய வங்கியில் விசாரியுங்கள். இதைப் பலரும் கேட்பதே இல்லை.

இத்தனையும் செய்யுமுன், புதிய வங்கியின் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் சொந்த வங்கி முகாமையாளரிடம் போங்கள். “இவர்கள் 12 தருகிறார்கள், நீங்கள் எவ்வளவுக்குக் குறைப்பீர்கள்?” என்று நேரே கேளுங்கள். அரச சம்பளம், ஒழுங்காகக் கட்டிய கணக்கு. உங்களைப் போன்றவர்களை இழக்க எந்த வங்கிக்கும் மனம் வராது. 13 வீதத்துக்கு இறங்கினாலே உறுதி, நொத்தாரிசு என்று அலையாமல் காரியம் முடியும்.

வட்டி நிலையானதா, மாறுவதா என்பதும் முக்கியம். மாறும் வட்டி பெரும்பாலும் ஏ.டபிள்யூ.பி.ஆர். என்ற வீதத்தோடு, அதாவது வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் சராசரி வட்டியோடு, இத்தனை கூட்டி என்று வரும். மத்திய வங்கி அந்த வீதத்தை வாராவாரம் வெளியிடுகிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அறிவிப்பில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வைத்திருந்த குடும்பங்கள் அந்த வருடம் பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டோம். ஆகவே முதல் சில வருடம் நிலையான வட்டி, பிறகு மாறும் என்று சொன்னால், மாறிய பிறகு எந்தக் கணக்கில் போகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, “மாற்றும்போதே இன்னொரு 5 இலட்சம் கூட்டித் தரட்டுமா?” என்று கேட்பார்கள். நுண்கடன், லீசிங், அடைவு நகை எல்லாவற்றையும் இதில் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். கணக்கில் லாபமாகவே தெரியும். ஆனால் நுண்கடன் தவறினால் வாசலில் வந்து சத்தம் போடுவார்கள், வீட்டு ஈட்டில் தவறினால் வீடே போகும். கடனின் முதல் 50 இலட்சத்துக்குக் குறையாவிட்டால், வழக்குப் போடாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மேல் ஈட்டுச் சொத்தை ஏலம் போடும் அதிகாரத்தை 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது. உங்களுடையதைப் போன்ற சிறிய கடன் என்றாலும் வங்கி வழக்குப் போட்டு வீட்டை விற்பிக்கலாம். சின்னக் கடன்களை வீட்டின் தலையில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: பிள்ளைகளின் படிப்புக்காக மாங்குளம் வீட்டை விற்றுவிட்டு வவுனியாவில் வாங்கப் போகிறோம். மாங்குளம் காணி உறுதிக்காணிதான், ஆனால் வங்கியில் ஈட்டில் இருக்கிறது. வாங்க வருகிறவர் பாதிக் காசை முற்பணமாகத் தருகிறேன், அதைக் கட்டி உறுதியை மீட்டுத் தாருங்கள் என்கிறார். வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டினால் போதுமாம். சரிதானா?

பதில்: அவருக்கும் சரியில்லை, உங்களுக்கும் சரியில்லை. காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து இன்றுவரை இதுதான் நிலை. வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு அவர் காணியைக் கேட்க முடியாது, நீங்களும் மிச்சக் காசைக் கேட்க முடியாது.

எப்படிச் செய்வது? முதலில் உங்கள் வங்கியிடம் செட்டில்மென்ட் லெட்டர் கேளுங்கள். இந்தத் திகதிக்கு முழுக் கடனும் தீர இவ்வளவு, பிந்தினால் நாளுக்கு இவ்வளவு வட்டி என்று அதில் இருக்க வேண்டும். பிறகு நொத்தாரிசிடம் விற்பனை உடன்படிக்கை எழுதுங்கள். காணி ஈட்டில் இருக்கிறது என்பதை மறைக்காமல் அதிலேயே எழுதுங்கள். முற்பணம் சிறிதாக இருக்கட்டும். கடனைத் தீர்க்கும் காசு உங்கள் கைக்கு வரவே வேண்டாம், வாங்குபவர் உங்கள் வங்கியின் பெயருக்கே காசோலை எடுக்கட்டும். அவரும் வங்கிக் கடனில் வாங்குகிறார் என்றால் இன்னும் நல்லது, இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும். ஒரே நாளில் வங்கியில் கூடி, காசோலையைக் கொடுத்து, ஈட்டு விடுவிப்பிலும் காணியை அவருக்கு முழுதாக மாற்றும் அறுதி உறுதியிலும் அடுத்தடுத்துக் கையெழுத்து வைப்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பான வழி. அன்றைக்கு நொத்தாரிசு மேசையில் அடையாள அட்டைகள், மூல உறுதி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திகதி தள்ளிப்போகும், வட்டி ஓடும்.

இனி வவுனியாப் பக்கம். மாங்குளம் காசு கைக்கு வருமுன் அங்கே பெரிய முற்பணம் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். இங்கே வாங்குபவர் ஒரு மாதம் பிந்தினால் அங்கே கொடுத்த முற்பணம் போய்விடும். கடனை மூடாமல், வவுனியா வீட்டை ஈட்டுக்கு மாற்றி வைக்க வங்கி சம்மதிக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம், சம்மதித்தால் புதுக் கடனுக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டும் பொருந்தி வராவிட்டால் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள். வாடகை வீண் காசு என்று மனம் சொல்லும். ஆனால் அவசரத்தில் எல்லை தெரியாத காணியை வாங்கி வழக்கில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முத்திரைத் தீர்வையையும் இப்போதே கணக்கில் எடுங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 60 இலட்சம் பெறுமதி என்றால் 2 இலட்சத்து 39 ஆயிரம் ரூபா. வழக்கத்தில் இதை வாங்குபவர்தான் கட்டுவார், ஆகவே வவுனியா வீட்டுக்கு நீங்கள்! நொத்தாரிசின் கட்டணம் வேறு. வீட்டு விலைக்கு மட்டும் காசு சேர்த்துவிட்டுக் கடைசிக் கிழமையில் இதற்காக நகையை அடைவு வைக்கும் குடும்பங்கள் நிறைய.

கேள்வி: அம்மா எடுத்த வீட்டுக்கடன் சில வருடங்களுக்கு முன் முடிந்து, வங்கி உறுதியைத் திருப்பித் தந்துவிட்டது. இனி ஏதும் செய்ய வேண்டுமா? (வவுனியா)

பதில்: வேண்டும். கடன் முடிவது வேறு, ஈடு நீங்குவது வேறு. காணிப் பதிவகத்தில் உங்கள் காணிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஈட்டு உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், தொகை எல்லாம் ஒரு வரியாக ஏறியிருக்கும். கடன் முடிந்ததால் அந்த வரி தானாக அழியாது. வங்கி கையெழுத்திட்ட விடுவிப்பைப் பதிந்தால்தான் அந்த ஈடு தீர்ந்ததாகும். இல்லாவிட்டால் நாளைக்கு விற்கப் போகும்போது வாங்குபவரின் நொத்தாரிசு தோம்பு (அந்தப் பதிவகப் பக்கம்) பார்த்துவிட்டு, காணி இன்னும் ஈட்டில் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார். வங்கிக் கிளை இடம் மாறி, பழைய கோப்பைத் தேட வேண்டி வந்தால் அலைச்சல் இன்னும் கூடும். அம்மா இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கேள்வி: விசுவமடுவில் பெமிட் காணி. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரத்தோடு எங்கள் காசையும் போட்டு வீடு கட்டினோம். இதை ஈடு வைத்துக் கடன் எடுக்கலாமா? தரகர் ஒருவர் விற்கவும் ஆள் இருக்கிறது என்கிறார்.

பதில்: வீடு உங்கள் உழைப்பு. ஆனால் நிலம் இன்னும் அரசாங்கத்தினது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. மீறி எழுதினால் அந்த எழுத்துச் செல்லாது. தரகர் சொல்லும் ஆளிடம் காசை வாங்கிக்கொண்டு வெளியேறினால், பதிவில் காணி உங்கள் பெயரில் இருக்க, நிபந்தனையை மீறியதாகப் பெமிட்டே ரத்தாகலாம். வாங்குகிறவருக்கோ எந்தக் காலத்திலும் உறுதி கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது, பெமிட்டை அளிப்புப் பத்திரமாக மாற்ற விண்ணப்பிப்பது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள், கிராம சேவையாளரிடம் தொடங்குங்கள். அளிப்புக் கையில் வந்தால், செயலாளரின் சம்மதத்தோடு வங்கியில் ஈடு வைக்க வழி உண்டு. அளிப்பு வந்த பிறகும் அந்தச் சம்மதம் தேவை என்பதை மறக்க வேண்டாம். அதோடு, பின்னுரித்தாளராக, அதாவது உங்களுக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, யாரைப் பதிந்திருக்கிறீர்கள் என்றும் இப்போதே பாருங்கள். போரில் இறந்தவர்களின் பெயர் இன்னும் அப்படியே இருக்கும் பெமிட்டுகள் வன்னியில் ஏராளம். பிள்ளைகளுக்குள் பிணக்கு வருவதே அங்கிருந்துதான்.

கேள்வி: 2009 இடம்பெயர்வில் உறுதி தொலைந்துவிட்டது. காணியை விற்கவே முடியாதா? (புதுக்குடியிருப்பு)

பதில்: முடியும். ஓர் உறுதி எழுதும்போது மூலம் உங்களிடம் வருகிறது, ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கிறது, இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகிறது. உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் பழைய ஈட்டு உறுதி, பக்கத்துக் காணியின் உறுதி, சோலைவரி ரசீது ஏதாவது ஒன்றிலிருந்து தேடத் தொடங்கலாம். கடனுக்கு என்றால் சில வங்கிகள் மூலம் இல்லாமல் தயங்கும். அதனால் விண்ணப்பத்துக்குக் காசு கட்டுமுன் அதைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வீடு சீதனமாக என் பெயரில் வந்தது. கணவர் கட்டாரில். ஈட்டை வேறு வங்கிக்கு மாற்ற அவருடைய கையெழுத்து எதற்கு? வீடு என்னுடையதுதானே? (மல்லாவி)

பதில்: உங்களுடையதுதான். ஆனால் வடக்குத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள நிலபுலத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மணமான ஆணுக்கு இப்படி மனைவியின் கையெழுத்துத் தேவையில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, மாற வேண்டும். மாறும்வரை காரியம் நடக்க, அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், முடித்து அனுப்பலாம். இந்தக் காணி, இந்த வங்கி, இந்தக் கடன் என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். பொதுவாக எழுதினால் சில வங்கிகள் ஏற்காது. கணவர் விட்டுப் போய்விட்டார், அல்லது காரணமில்லாமல் மறுக்கிறார் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க இடம் உண்டு.

பங்குக் காணியை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசவழமையின்படி வெளியாருக்கு முன்னால் தாங்களே வாங்கும் உரிமை பங்காளிகளுக்கு உண்டு. 1947 ஆம் ஆண்டிலிருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்துவிட்டு விற்றால் பிறகு வழக்கு வராது.

கேள்வி: கடனை முழுதாகத் தீர்த்து மூன்று மாதமாகியும் வங்கி உறுதியைத் தரவில்லை. யாரிடம் போவது?

பதில்: முதலில் கிளைக்கு எழுத்தில் முறையிட்டு, பெற்றுக்கொண்டதாக உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. அதன் பிரதியை வங்கித் தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், வங்கி வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அல்லது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935. மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியிலும் அலுவலகம் இருக்கிறது. கடைசித் தவணைச் சீட்டையும் கடன் முடிந்த கடிதத்தையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.