மின்வில் அணைந்த பிறகு எஸ்எஃப்6 வாயு வலிமை பெறுவது எப்படி?

கேள்வி: மேயர் சமன்பாட்டைக் கொண்டே மின்காப்பு மீட்சியைக் கணித்துவிட முடியாதா, ஐயா? (முதுநிலை மாணவி)

பதில்: முடியாது. உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கரில், தொடுமுனைகள் பிரியும்போது அவற்றின் இடையே எழும் கடத்தும் சூடான வாயுவே மின்வில்; அதை எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) வாயு அணைத்த பின், அந்த இடைவெளி மின்னழுத்தத்தைத் தாங்கும் வலிமையை மீண்டும் பெறுவதே மின்காப்பு மீட்சி. கேஸி (Cassie) 1939-இலும் மேயர் (Mayr) 1943-இலும் தந்த சமன்பாடுகள் மின்வில் முழுவதையும் ஒரே கடத்துதிறனாகச் சுருக்கிவிடுகின்றன. மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடந்த முதல் சில மைக்ரோ நொடிகளில், எஞ்சிய மின்னோட்டம் வாயுவைச் சூடேற்றுவதும் வாயுவோட்டம் அதைக் குளிர்விப்பதும் மல்லுக்கு நிற்கும் கட்டத்துக்கு மேயரின் சமன்பாடு பொருந்தும். அந்தக் கட்டத்தில் பிரேக்கர் பிழைத்த பின்னும், கடத்துதிறன் ஏறக்குறைய மறைந்துவிட்ட அந்த இடைவெளியில் ஈராயிரம், மூவாயிரம் கெல்வின் சூட்டில் வாயு தேங்கியிருக்கும். அது எவ்வளவு மின்னழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு மேயரிடம் விடை இல்லை.

கேள்வி: சூடான வாயு வலிமை இழப்பதற்கு அடர்த்தி குறைவது மட்டும்தான் காரணமா?

பதில்: அது பாதிக் காரணம். அழுத்தம் மாறாதிருந்தால், 300 கெல்வினில் உள்ள துகள் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குதான் 3000 கெல்வினில் இருக்கும். ஆகவே எலக்ட்ரான் அடுத்த மோதலுக்கு முன் நெடுந்தூரம் ஓடி, அயனியாக்கத் தேவையான ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. மறுபாதி, வாயுவின் கலவை. எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் எஸ்எஃப்6 மூலக்கூறு 2000 கெல்வின் அளவில் சிதையத் தொடங்குவதால், குளிர்ந்த நிலையில் ஒரு பார் அழுத்தத்துக்குச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 89 கிலோவோல்ட் என்று நாம் நம்பும் வலிமை அங்கே செல்லாது. தொடுமுனையிலிருந்து எழும் செம்பு ஆவி எளிதில் அயனியாவதால் நிலைமையை இன்னும் கெடுக்கும்.

கேள்வி: அப்படியானால் மாதிரியை எந்த வரிசையில் கட்டுவது?

பதில்: முதலில் பாய்மக் கணிப்பு. கதிர்வீச்சு, கொந்தளிப்பு, டெஃப்லான் நாசிலின் (வாயுவை மின்வில் மீது செலுத்தும் குழாய்முனை) உட்சுவர் ஆவியாதல் ஆகியவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு கணத்திலும் ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பெற வேண்டும். அவற்றிலிருந்து கலவையையும், எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலைத் தரும் போல்ட்ஸ்மான் சமன்பாட்டின் வழியே, அயனியாக்கக் குணகத்தையும் (புதிய எலக்ட்ரான்கள் பிறக்கும் அளவு) எலக்ட்ரான் பிணைப்புக் குணகத்தையும் (வாயு அவற்றைப் பிடித்துக்கொள்ளும் அளவு) கணக்கிட்டால், இரண்டும் சமமாகும் மின்புல அளவே முறிவின் எல்லையான நெருக்கடிப் புலம். அதை அந்தந்தப் புள்ளியின் மின்புலத்தோடு ஒப்பிட வேண்டும். சராசரி வெப்பநிலையை எடுத்துக்கொள்வோர் ஏமாறுவது இங்கேதான்: மீயொலி வேகத்தில் பாயும் வாயு, தொடுமுனையின் வளைந்த நுனியை ஒட்டி விரிவடைந்து அடர்த்தி இழக்கிறது, மின்புலம் உச்சத்தில் இருப்பதும் அதே நுனியில்தான். இடைவெளி முழுவதும் குளிர்ந்திருந்தாலும் அந்தச் சில மில்லிமீட்டர் போதும், முறிவு தொடங்கிவிடும். வெப்பச் சமநிலை என்ற அனுமானம் வேகமாகக் குளிரும் வாயுவுக்கு முழுதாகப் பொருந்தாது என்பதால், கிடைக்கும் எண்ணை அப்படியே வடிவமைப்பில் வைக்க நான் துணியமாட்டேன். சோதனைக்கூட அளவீட்டோடு ஒப்பிட்ட பிறகே வைப்பேன்.

கேள்வி: கெப்பாசிட்டர் பேங்கின் (கெப்பாசிட்டர்களின் தொகுதி) மின்னோட்டம் சிறியதுதானே? அதைத் துண்டிக்கும்போது ஏன் மறுமுறிவு (அணைந்த இடைவெளி மீண்டும் கடத்துவது) அச்சம்? (துணைமின் நிலையப் பொறியாளர்)

பதில்: மின்னோட்டம் சிறியது என்பதால்தான். தொடுமுனைகள் சில மில்லிமீட்டரே பிரிந்த நிலையிலும் அது எளிதில் அணைந்துவிடும். ஆனால் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கிவிடுவதால், 50 ஹெர்ட்ஸில் 10 மில்லி நொடி கழித்து இடைவெளியின் குறுக்கே உச்ச மின்னழுத்தத்தைப் போல் இருமடங்கு நிற்கும். இங்கே சூட்டைவிட, தொடுமுனை விலகும் வேகமும் மேலே சொன்ன அடர்த்திச் சரிவுமே முடிவு செய்கின்றன.

கேள்வி: எஸ்எஃப்6-க்குப் பதிலாக வரும் மாற்று வாயுக்களுக்கும் இந்த மாதிரி செல்லுமா?

பதில்: வரிசை செல்லும், தரவு செல்லாது. எஸ்எஃப்6 குளிரும்போது பெரும்பாலும் மீண்டும் இணைந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடுடன் கலக்கப்படும் ஃபுளோரோநைட்ரைல் சிதைந்தால் பழைய மூலக்கூறாகத் திரும்புவதில்லை. எனவே ஒவ்வொரு துண்டிப்புக்குப் பின்னும் கலவையைப் புதிதாகக் கணக்கிட்டே அடுத்த கணிப்பைத் தொடங்க வேண்டும்.