பதினொரு வாட்ஸப் குழுக்கள்

வணக்கம் அங்கிள்,

கோயில் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டோங்காட்டில் இருக்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தில் எங்கள் தெருவில் ராக்காவல் இருந்தோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் கெட்டுப்போய், பல மாதம் டேங்கருக்கு வாளியோடு நின்றோம். 2024 ஜூனில் சூறாவளி கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் ஓடி ஓடி வேலை செய்தவர்களில் நானும் ஒருத்தி. அப்படியே பகுதிக் குழுவின் செயலாளர் ஆகிவிட்டேன்.

இப்போது போனில் பதினொரு குழுக்கள். காலையில் உடைந்த குழாயின் படம், மதியம் கூட்டணி அரசில் யாருக்கும் யாருக்கும் சண்டை, ராத்திரி எவன் எத்தனை மில்லியன் தின்றான் என்று. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துப் போனைப் பார்க்கிறேன். மகனிடம் எரிந்து விழுகிறேன். விட்டுவிடலாம் என்று நினைத்தால், காந்தியின் போராட்டத்தில் சேர்ந்த பதினாறு வயது வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் வாங்கி வந்து செத்தாள், எனக்கு ஒரு போனைத் தாங்க முடியவில்லையா என்று வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ச., டோங்காட்

அன்புள்ள ச.,

உங்கள் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் வள்ளியம்மையை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம்மா.

காந்தி இங்கே நடத்திய அந்தச் சத்தியாக்கிரகப் போராட்டம் என்றதும் நமக்கு 1913-இன் ஊர்வலமும் சிறையும்தான் கண்ணில் நிற்கின்றன. ஆனால் அது ஜோஹன்னஸ்பர்க்கில் 1906 செப்டம்பரில் தொடங்கி 1914-இல் முடிந்தது. எட்டு வருடமும் யாரும் நடந்துகொண்டே இருக்கவில்லை. 1910-இல் காந்தியின் நண்பர் கல்லன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை வந்தது. எதற்கு? சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் செலவில்லாமல் தங்க. தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. பழ மரங்கள், பிள்ளைகளுக்குப் பாடம், செருப்புத் தைக்கும் வேலை. (செருப்புத் தைக்கக் கல்லன்பாக் கற்றுக்கொண்டது நம்ம பைன்டவுன் பக்கத்து மேரியன்ஹில் மடத்தில். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.) 1911-இல் அரசோடு தற்காலிக உடன்பாடு ஆனது. பிறகு 1913 வரை போராட்டம் ஏறக்குறைய ஓய்ந்துதான் கிடந்தது. பலமுறை சிறை பார்த்த தம்பி நாயுடுவுக்கும் இடைவெளி இருந்தது. அப்புறம் நம் கல்யாணங்கள் செல்லாது என்பதுபோல ஒரு தீர்ப்பு வந்தது, ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மேல் போட்ட மூன்று பவுன் வரியும் தீரவில்லை. எழுந்தார்கள். தெம்பு மிச்சம் இருந்தது, எழ முடிந்தது. நீங்கள் மூன்று மணிக்குப் போனில் செலவழிப்பது அந்தத் தெம்பைத்தான்.

செய்தி படிப்பதை வேலை என்று நினைத்துவிடுகிறோம். பார்க்காமல் இருந்தால் கடமை தவறியதுபோல உறுத்துகிறது. நீங்கள் தூங்காததால் கேப்டவுன் நாடாளுமன்றத்தில் ஒரு நாற்காலிகூட நகராது.

அதற்காக 'அரசியலே வேண்டாம், மனநிம்மதிதான் முக்கியம்' என்று சொல்கிறவர்கள் பக்கமும் நான் இல்லை. அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டில் போர்வெல் இருக்கும், இரண்டு ஜோஜோ தண்ணீர் டாங்க் இருக்கும், கூரையில் சோலார் இருக்கும், வாசலில் காவலாள் இருப்பான். அவர்களுக்கு முனிசிபாலிட்டி தேவையில்லை. வாளியோடு நின்ற உங்களுக்குத் தேவை.

என் கதை ஒன்று. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருப் பள்ளியின் வேலி விழுந்து கிடந்தது. ஐந்து மாதம் வார்டு கவுன்சிலரைப் படுத்தி எடுத்தேன். கடிதம், போன், கூட்டத்தில் சத்தம், ரத்தக் கொதிப்பு. கடைசியில் ஓய்வுபெற்ற ஒரு குமாஸ்தா சிரித்துக்கொண்டே சொன்னார்: "பள்ளி மாகாணத்துக் கல்வித்துறையோடது தம்பி, அவரால வேலியைத் தொடவே முடியாது." ஐந்து மாதக் கோபம், தப்பான கதவில். குடிதண்ணீர், சாக்கடை, குப்பை, உள்ளூர் ரோடு முனிசிபாலிட்டிக்கு. பள்ளியும் ஆஸ்பத்திரியும் மாகாணத்துக்கு. போலீஸ் மத்திய அரசுக்கு. உங்கள் குழுக்களில் வரும் பாதிப் புலம்பல் தப்பான கதவில் விழுகிறது என்று நினைக்கிறேன். பிரித்துப் பாருங்கள், பாரம் கொஞ்சம் குறையும்.

சரி, கதவு தெரிந்தால் போதாது, அது எப்போது திறக்கும் என்றும் தெரிய வேண்டும். முனிசிபாலிட்டிக்கு நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்னால், அதாவது மார்ச் முடிவதற்குள், வரைவு பட்ஜெட்டைக் கவுன்சிலில் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். பிறகு மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். உங்கள் குழாய்க்குக் காசு உண்டா இல்லையா என்பது அந்த ஏப்ரல், மே மாதங்களில்தான் முடிவாகிறது. ஆகஸ்டில் குழுவில் நூறு கோபப் பொம்மை போடுவதைவிட ஏப்ரலில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது மேல். நாடாளுமன்றமும் அப்படித்தான். மசோதாக்களுக்குக் கருத்துக் கேட்டு அறிவிப்பு வரும், கடைசித் தேதியோடு. மக்களைச் சரியாகக் கேட்கவில்லை என்பதற்காகவே 2006-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சில சுகாதாரச் சட்டங்களைச் செல்லாது என்றது. ஆக, நேரத்தில் போகும் கடிதத்தை வெறும் காகிதம் என்று தள்ளிவிட முடியாது. வருடத்துக்கு ஒரே ஒரு மசோதா போதும். தண்ணீர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் நல்லது.

ஏதாவது விவரம் வேண்டுமா? தகவல் பெறும் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். அந்த முப்பது நாளும் நீங்கள் தூங்கலாம்.

கிளேர்வுட் கோயிலில் காவடி பார்த்திருப்பீர்கள். கொடி ஏறும், விரதம் இருப்போம், எடுப்போம், ஆடுவோம், இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவோம். காவடியைத் தோளில் வைத்துக்கொண்டே மறுநாள் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவனைப் பார்த்தால் பக்தன் என்றா சொல்வோம்?

செயலாளர் பொறுப்பைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. 1984 ஆகஸ்டில் எனக்கு இருபத்திரண்டு வயது. நிறவெறி அரசு நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்து நம்மை வாங்கப் பார்த்தது. ஓட்டுப் போடாதீர்கள் என்று வீடு வீடாகப் போனோம். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைவர்கள் பலரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆனாலும் வேலை நிற்கவில்லை. எந்தத் தெரு யாருக்கு, யார் போனால் அடுத்து யார் என்று முன்னாடியே எழுதி வைத்திருந்தோம். பதிவு செய்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். நீங்கள் நாளைக்குக் காய்ச்சலில் படுத்தால் டோங்காட் குழுவில் அடுத்து யார்? பெயர் இல்லையென்றால், இந்த மாதம் உங்கள் வேலை அது ஒன்றுதான். குறிப்பெழுத ஒருவர், கவுன்சிலரோடு பேச ஒருவர், வெள்ளம் வந்தால் போன் அடிக்க ஒருவர். அப்புறம் ஒன்பது குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். கோபித்துக்கொள்வார்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். நான் வெளியேறியபோது இரண்டு பேர் கவனிக்கவே இல்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

போன உள்ளாட்சித் தேர்தல் 2021 நவம்பரில் நடந்தது. பதிவு செய்தவர்களில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை. அடுத்தது 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரிக்கும் இடையில் வர வேண்டும். அப்போது உங்கள் கால் தேவைப்படும், அதுவரை கொஞ்சம் உட்காருங்கள்.

ஏப்ரலில் பட்ஜெட்டுக்கு எழுதும்போது எனக்கும் அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன். கூட்டத்துக்கு வேண்டுமானால் டோங்காட்டுக்கே வருகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் கூப்பிடாதீர்கள், எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அங்கிள்