பிரெஞ்சு 'தெசெப்சியோன்' மோசடி இல்லை

பிரெஞ்சுத் தேர்வில் 'தெசெப்சியோன்' என்ற சொல்லுக்கு மோசடி என்று எழுதி மதிப்பெண் போனதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் அது. அந்தச் சொல்லுக்கு ஏமாற்றம் என்றுதான் பொருள்.

மோசடி என்று பொருள்படும் ஆங்கில 'டிசெப்ஷன்', இந்தப் பிரெஞ்சுச் சொல் இரண்டுக்கும் வேர் லத்தீன் 'தேகிபெரே'. அதற்குள் இருக்கும் 'காபெரே' என்றால் பிடித்தல். ஆங்கிலச் சொல் பிடித்தவன் பக்கமே நின்றுவிட்டது. பிரெஞ்சுச் சொல் மாட்டிக்கொண்டவன் மனசுக்குப் போய்விட்டது. நம்மிடமும் இதே கூத்து உண்டே! 'ஏமாற்று வேலை' என்றால் மோசடி, 'ஏமாற்றமா இருக்கு' என்றால் நினைத்தது நடக்கவில்லை.

அப்புறம், மோசடிக்கு 'த்ரோம்பெரி' என்று எழுதுங்கள். படம் பார்த்துவிட்டு ஒருவர் 'ழெ சுவி தெசூ' (எனக்கு ஏமாற்றமா இருக்கு) என்றால் டிக்கெட்டில் யாரும் அவரை ஏய்க்கவில்லை. படம் சுமார், அவ்வளவுதான்.